பணத்தை விடுங்கள், பேப்பரை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு

ஆராய்ச்சிக் கட்டுரையைச் சரிபார்க்காமலே காசு வாங்கிக்கொண்டு போடும் போலி ஜர்னல் பற்றி யார் பேசினாலும் "பணம் பறிப்பார்கள், ஜாக்கிரதை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரிசர்ச் மெத்தடாலஜி வொர்க்‌ஷாப் என்று கூப்பிட்டு உட்காரவைத்தால் அதிலும் கடைசி அரை மணி நேரத்தில் இதற்கென்று ஒரு ஸ்லைடு, ஒரு சிரிப்பு, அப்புறம் டீ. எனக்குப் போன பணம் 12,000 ரூபாய்ச் சொச்சம். எரிச்சல்தான், ஆனால் அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். உள்ளே போன பேப்பரை வெளியே எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். என்ன செய்வது என்று கேட்க அப்போது ஓர் ஆள் கிடைக்கவில்லை, கேட்ட இடத்தில் எல்லாம் "ஏன் அங்க அனுப்புனீங்க?" என்ற ஒரு கேள்விதான் திரும்பி வந்தது. அதனால் மாட்டாமல் இருப்பது எப்படி என்பதோடு, மாட்டிய பிறகு என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் எம்.டி. மைக்ரோபயாலஜி, தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொபசர். அசோசியேட் ஆக வேண்டுமென்றால் அனுபவ வருஷங்களோடு பேப்பரும் வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகளில் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ், எம்பேஸ், டி.ஓ.ஏ.ஜே. என்று ஆராய்ச்சி ஜர்னல்களைத் தொகுக்கும் தளங்களின் பட்டியல் ஒன்று இருந்தது, அவற்றில் இடம்பெற்ற ஜர்னலில் வந்தால்தான் கணக்கில் சேர்ந்தது. (விதிகள் அடிக்கடி மாறும். உங்கள் முறை வரும்போது அப்போதைய அறிவிப்பை எடுத்து நீங்களே படியுங்கள், சீனியர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள்.) கல்லூரி பேப்பர் கேட்கும், பேப்பர் எழுத நேரமும் தராது, பணமும் தராது. வகுப்பு, லேப் ரிப்போர்ட், இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் எழுதுவதுதான் நம் ரிசர்ச்.

கையில் இருந்தது நல்ல டேட்டா, இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. சிறுநீர்த் தொற்றோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கல்ச்சரில் வளர்ந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகளில் எவ்வளவு இ.எஸ்.பி.எல். வகை (பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பவை), இந்த வட்டாரத்தில் எந்த மாத்திரை இன்னும் வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். சோதனை எளிமையானது. செஃபோடாக்சிம் மருந்து 30 மைக்ரோகிராம் ஊறிய டிஸ்க் (சின்னக் காகித வில்லை) ஒன்று, அதே மருந்தோடு அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலனிக் அமிலம் 10 மைக்ரோகிராம் சேர்ந்த டிஸ்க் இன்னொன்று, இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மறுநாள் கிருமி வளராத வட்டத்தை அளக்க வேண்டும். சேர்த்த டிஸ்க்கின் வட்டம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் இ.எஸ்.பி.எல். என்று உறுதி. நானும் பிஜி ஜூனியர் ஒருவனும் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு தட்டாக அளந்தோம், சந்தேகம் வந்தால் மறுபடி போட்டோம். ஷீட் முழுக்க அவன் கையெழுத்து. இவ்வளவு விவரம் எதற்கு என்றால், பின்னால் இந்த மைக்ரோகிராம்தான் வம்பை வெளியே கொண்டுவந்தது.

முதலில் ஒரு சங்கத்தின் ஜர்னலுக்குத்தான் அனுப்பினேன். மாதக்கணக்கில் 'அண்டர் ரிவ்யூ' என்றே காட்டிக்கொண்டிருந்துவிட்டு, புதுமை போதவில்லை என்று இரண்டு வரியில் திருப்பிவிட்டார்கள். ப்ரொமோஷன் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அந்த வாரத்தில் வந்ததுதான் அந்த மின்னஞ்சல். "மதிப்பிற்குரிய டாக்டர்" என்று ஆரம்பித்து, மாநில மாநாட்டில் நான் வைத்த போஸ்டரின் தலைப்பை அப்படியே சொல்லி, அது தங்கள் எடிட்டர்களை மிகவும் கவர்ந்ததாகச் சொன்னது. போஸ்டர் தலைப்பு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் குளிர்ந்துதான் போனேன். மாநாட்டு அப்ஸ்ட்ராக்ட் புத்தகங்களில் மின்னஞ்சல் முகவரியோடு நம் பெயர் அச்சாகிறது, அங்கிருந்து அள்ளிக்கொள்கிறார்கள். தலைப்பை மட்டும் மாற்றி மாற்றிப் போடும் ஒரே கடிதம் அது. பின்னால் எங்கள் துறையிலேயே இன்னொருவருக்கு அச்சு அசலாக அதே கடிதம் வந்திருந்ததைப் பார்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. அந்தத் தளத்தில் "பப்மெட் இண்டெக்ஸ்டு" என்று போட்டிருந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஜர்னல் பெயரைப் போட்டுத் தேடினேன். கட்டுரைகள் வந்தன. நிறைய இல்லை, ஆனால் வந்தன, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெயர்களோடு. இதற்கு மேல் என்ன சோதிப்பது என்று நினைக்கத் தோன்றும் அல்லவா? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், எந்த வொர்க்‌ஷாப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் என்.ஐ.எச். பணத்தில் ஆராய்ச்சி செய்பவர்கள், ஏற்றுக்கொள்ளப்பட்ட தங்கள் கட்டுரையின் பிரதியை பப்மெட் சென்ட்ரலில் போட்டாக வேண்டும் என்று 2008 முதல் விதி இருக்கிறது. அவர்களில் யாராவது ஓர் ஒன்றுமில்லாத ஜர்னலில் எழுதியிருந்தாலும் அந்தக் கட்டுரை பப்மெட்டில் தெரியும். கட்டுரை தெரிகிறதே தவிர, ஜர்னலை யாரும் பரிசீலித்துச் சேர்க்கவில்லை. அந்த நாலைந்து கட்டுரைகளைக் காட்டித்தான் இவர்கள் மொத்த ஜர்னலுக்கும் பட்டை கட்டிக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது என்.எல்.எம். கேட்டலாக் என்ற வேறு பக்கம். அதுவும் அதே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளம்தான், இலவசம். ஜர்னலின் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டால் இப்போது மெட்லைனில் இருக்கிறதா, இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். எனக்கு அந்த வரி "இல்லை" என்று காட்டியது. எல்லாம் முடிந்த பிறகுதான் காட்டியது.

மற்ற முத்திரைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஒரு பதிவு எண், அவ்வளவுதான். யார் தொடர் வெளியீடு நடத்தினாலும் விண்ணப்பித்து வாங்கலாம், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் டி.ஓ.ஐ. எண்ணும் கட்டணம் கட்டினால் கிடைப்பது. கூகுள் ஸ்காலரில் வருகிறது என்பதைப் பெருமையாகப் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அது வலையில் கிடைப்பதை எல்லாம் அள்ளும். ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் என்றால் கிளாரிவேட் நிறுவனம் வருஷாவருஷம் வெளியிடுவது மட்டும்தான். 'குளோபல்', 'சயின்டிஃபிக்', 'யுனிவர்சல்' என்று முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும் எண்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். நம் அதிகாரிகளும் இதில் சளைத்தவர்கள் இல்லை. பழைய மருத்துவக் கவுன்சில் 2015இல் ப்ரொமோஷனுக்குச் செல்லும் என்று சொன்ன பட்டியலில் இண்டெக்ஸ் கோப்பர்னிகஸ் என்ற, தரம் கேள்விக்குரிய தளத்தின் பெயரும் இருந்தது, மருத்துவ ஜர்னல் எடிட்டர்களே அதை எதிர்த்து எழுத வேண்டியிருந்தது. மொத்தத்தில் ஒரே விதிதான்: ஜர்னல் தளத்தில் இருந்து பட்டியலுக்குப் போகாதீர்கள். முதலில் ஸ்கோபஸ் சோர்ஸ் பக்கத்துக்கோ, டி.ஓ.ஏ.ஜே.க்கோ, என்.எல்.எம். கேட்டலாக்குக்கோ நேராகப் போய், அங்கே ஜர்னலைத் தேடி, அந்தப் பக்கம் கொடுக்கும் சுட்டி வழியாகவே ஜர்னல் தளத்துக்கு வாருங்கள். ஸ்கோபஸில் பெயர் இருந்தாலும் எந்த வருஷம் வரை என்று பாருங்கள். இடையில் நீக்கப்பட்ட ஜர்னல்கள் தங்கள் தளத்தில் முத்திரையை எடுக்காமலே வைத்திருக்கும்.

அனுப்பினேன். அனுப்பும்போதே காப்பிரைட் படிவத்தில் எல்லா ஆத்தர்களின் கையெழுத்தும் கேட்டார்கள். ஒழுங்கான ஜர்னல்களும் படிவம் கேட்கும், சில அனுப்பும்போதே கேட்கும், ஆனால் பேப்பரை ஏற்கும் வரை உரிமை உங்களிடம்தான் என்று அதில் எழுதியிருக்கும். இதில் அந்த வரி இல்லை, பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் விலை பேசுகிற மாதிரி. ஒரு வாரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. பேப்பரை மதிப்பாய்வு செய்ததாக இரண்டு ரிவ்யூவர்கள். ஒருவர் "நல்ல ஆய்வு, ஆங்கிலத்தைச் சரிபார்க்கவும்" என்றார். இன்னொருவர் புதிய மேற்கோள்கள் சேர்க்கச் சொல்லி மூன்று கட்டுரைகளைக் குறிப்பிட்டிருந்தார், மூன்றும் அவர்கள் வீட்டு ஜர்னல்களில் வந்தவை. டிஸ்க்கைப் பற்றியோ, எந்தத் தர வழிகாட்டியை வைத்து வட்டத்தை அளந்தோம் என்பது பற்றியோ ஒரு கேள்வி இல்லை. மைக்ரோபயாலஜி பேப்பரைப் படித்த மைக்ரோபயாலஜிஸ்ட் எவரும் அதைக் கேட்காமல் விடமாட்டார். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம்தான், அதில் ஒரு மூலையில் மட்டும் நெருடல். பின்னால் படித்தது இது: 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், அப்பட்டமான பிழைகளோடு ஒரு பொய்யான புற்றுநோய் மருந்துக் கட்டுரையை எழுதி யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. அனுப்பியதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவை மையமாக வைத்து நடப்பவை.

பணம் பற்றிய பேச்சு ஏற்புக் கடிதத்தோடுதான் வந்தது. தளத்தில் "நியாயமான கட்டணம்" என்று மட்டும் போட்டிருந்தார்கள், தொகை இல்லை. இன்வாய்ஸில் 900 டாலர். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அது. முடியாது என்று எழுதினேன். வளரும் நாடுகளுக்குச் சலுகை என்று 500 ஆனது, மறுபடி எழுதியதும் 300. மீன் மார்க்கெட்டில்கூட இவ்வளவு சீக்கிரம் இறங்கமாட்டார்கள். ஹெச்.ஓ.டி. மேடம் "பாதி கட்டி வைம்மா, ப்ரூஃப் வரட்டும்" என்றார். 150 டாலர் கட்டினேன், வங்கி பிடித்ததையும் சேர்த்து 12,000 ரூபாயைத் தாண்டியது. இதற்காக என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் போய் முதல்முறையாகத் திறந்துவிட்டேன். கட்டியதும் அதை மூடிவிட்டது என் அதிர்ஷ்டம், ஏனென்றால் "இரண்டாம் தவணை" என்று அவர்களாகவே பின்னால் எடுக்கப் பார்த்து, முடியாமல் எனக்குச் செய்தி வந்தது. வெளிநாட்டுக்குக் கட்டுகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்: கட்டுவதற்கு முன் திறங்கள், கட்டியவுடன் மூடுங்கள், வரம்பையும் அந்தத் தொகைக்கே வையுங்கள்.

வெளியிடும் முன் நாம் சரிபார்க்க அனுப்பும் ப்ரூஃப் வந்தது. ஜூனியர்தான் முதலில் பார்த்துவிட்டுப் போன் செய்தான். "அக்கா, டிஸ்க் 30 மில்லிகிராம்னு போட்டிருக்காங்க." மைக்ரோகிராம் இருக்க வேண்டிய எல்லா இடத்திலும் மில்லிகிராம். ஆயிரம் மடங்கு. எப்படி நடந்தது என்றால், வேர்டு ஃபைலில் சிம்பல் எழுத்துருவில் அடித்த 'மியூ' குறி, எழுத்துருவை மாற்றும்போது ஆங்கில 'எம்' ஆகிவிடும். அச்சுத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கோளாறுதான், ஆனால் ஒருவராவது படித்திருந்தால் கண்ணில் குத்தியிருக்கும். திருத்தி அனுப்பினேன். மீதித் தொகை வந்த பிறகு திருத்தம் செய்யப்படும் என்று பதில். அதே நாள் தளத்தில் போய்ப் பார்த்தால் பேப்பர் ஏற்கெனவே ஏறியிருக்கிறது, மில்லிகிராமோடு, எங்கள் பெயர்களோடு, ஆஸ்பத்திரிப் பெயரோடு. அன்றைக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகுதான் துப்பறியும் வேலை. முகவரி லண்டன். ஆனால் பதில்கள் நம்ம ஊர் ஆபீஸ் நேரத்தில் மட்டும் வந்தன, காந்தி ஜெயந்தி அன்று லண்டன் ஆபீஸ் விடுமுறை. எடிட்டோரியல் போர்டில் சென்னையில் எனக்கு முகம் தெரிந்த ஒரு பேராசிரியரின் பெயர் இருந்தது. தயங்கித் தயங்கி அவருக்கு எழுதினேன். "நான் அதில் இல்லை, எடுக்கச் சொல்லி எழுதியும் எடுக்கவில்லை" என்று உடனே பதில் போட்டார். பேப்பர் அனுப்புவதற்கு முன் போர்டில் இருக்கும் ஒருவருக்கு இரண்டு வரி எழுதிப் பாருங்கள். செலவில்லாத சோதனை, நான் பார்த்தவரை இதைவிட உறுதியான சோதனையும் கிடையாது. போர்டுகள் எப்படி நிரம்புகின்றன என்பதற்குப் போலந்து ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலை இருக்கிறது. உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு பெண்ணின் பெயரில், தகுதியே இல்லாத ஒரு பயோடேட்டாவோடு 360 ஜர்னல்களுக்கு எடிட்டர் பதவி கேட்டு எழுதினார்கள். 48 ஜர்னல்கள் அவரை எடுத்துக்கொண்டன. 2017இல் நேச்சர் இதழில் வந்தது.

வாபஸ் கேட்டு எழுதினேன். 400 டாலர் "வித்டிராயல் ஃபீஸ்" கேட்டார்கள், பேப்பர் போடுவதைவிட எடுப்பதற்கு அதிகம். மறுத்ததும் தொனி மாறியது. "மதிப்பிற்குரிய டாக்டர்" போய், உங்கள் டீனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதுவோம், சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று வந்தது. ப்ரொமோஷன் பட்டியல் மேஜையில் இருக்கும்போது டீனுக்குக் கடிதம் போகும் என்றால் தூக்கம் வருமா? வீட்டில்கூடச் சொல்லவில்லை. கடைசியில் ஹெச்.ஓ.டி. மேடத்தைக் கூட்டிக்கொண்டு நானே டீனைப் பார்த்து, எல்லா மின்னஞ்சல்களையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு எனக்கும் வந்ததும்மா" என்று அவருடைய இன்பாக்ஸைக் காட்டினார். அந்த மிரட்டல் அதோடு செத்தது. அவர்கள் யாருக்கும் எழுதவும் இல்லை. நீங்களே முந்திக்கொண்டு எழுத்தில் சொல்லிவிட்டால் அவர்கள் கையில் வேறு ஆயுதம் கிடையாது.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்த அபூர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றைப் படிக்கும் வரை. ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்தின் மேல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. கட்டணத்தை ஏற்புக்குப் பிறகே சொல்வது, வாபஸ் கேட்டால் விடாதது, மதிப்பாய்வு நடந்ததாகச் சொல்வது, பப்மெட், மெட்லைனில் இருப்பதாக விளம்பரம் செய்வது என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக இருந்தன. 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. எனக்கு நடந்தது அவர்களிடம் இல்லை, வேறு இடம். ஆனால் முறை ஒன்றுதான் என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் லேசானது. வங்கியிலும் கார்டு டிஸ்பியூட் போட்டுப் பார்த்தேன். பேப்பர் தளத்தில் வெளியாகியிருக்கிறது, சேவை தரப்பட்டுவிட்டது என்று அந்தப் பக்கம் சொல்ல, வங்கியும் கைவிரித்துவிட்டது. பேப்பரை அவசரமாக ஏற்றிவிடுவதன் காரணமே இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பணத்துக்குத் தலைமுழுகிவிட்டேன். டேட்டாவை என்ன செய்வது? இங்கேதான் உண்மையான சிக்கல். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி யாராவது, வந்த ஆய்வுகளை எல்லாம் தேடித் தொகுக்கும் சிஸ்டமேடிக் ரிவ்யூ செய்தால் மெட்லைன், எம்பேஸ் மாதிரியான இடங்களில்தான் தேடுவார்கள். அங்கே இல்லாத பேப்பர் அவர்களுக்கு இல்லாத பேப்பர். அத்தனை தட்டுகள், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, சம்மதம் கொடுத்த நோயாளிகள், எல்லாம் ஒரு மூலையில் மில்லிகிராமோடு கிடக்கும். இன்னொரு ஜர்னலுக்கு அனுப்பலாம் என்றால் அது டூப்ளிகேட் பப்ளிகேஷன், பெரிய குற்றம். "தலைப்பை மாத்தி, டேபிளை முன்ன பின்ன போட்டு அனுப்பிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கல்லூரியில் இருக்கும் திருட்டுச் சோதனை மென்பொருளில் என் சொந்த ஃபைலைப் போட்டுப் பார்த்தேன், பக்கம் முழுக்கச் சிவப்பு, மூலமாக அந்த ஜர்னலின் தளம். நல்ல ஜர்னல்கள் செய்யும் முதல் சோதனையே அதுதான். அங்கே மாட்டினால் திருடு கொடுத்தவரே திருடர் ஆகிவிடுவார்.

நான் செய்தது இது. முதலில், எல்லா ஆத்தர்களும் கையெழுத்துப் போட்டு, என்ன காரணத்துக்காக வாபஸ் வாங்குகிறோம், மதிப்பாய்வு நடக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம், காப்பிரைட் படிவத்தை ரத்து செய்கிறோம் என்று தேதியோடு ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் வராது என்று தெரிந்தே அனுப்பினோம். அது கோர்ட்டில் நிற்குமா என்பது வேறு விஷயம், அடுத்த எடிட்டரிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும். ப்ரூஃப், இன்வாய்ஸ், ரிவ்யூ என்று சொல்லி வந்த அந்த இரண்டு வரிகள், மிரட்டல் மின்னஞ்சல்கள், தளத்தில் பேப்பர் இருக்கும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கினேன். பிறகு பேப்பரை அனுப்பாமல், ஜர்னல் எடிட்டர்களுக்கு முதலில் கடிதம் மட்டும் எழுதினேன்: எங்களுக்கு இப்படி நடந்திருக்கிறது, இதைப் பரிசீலிப்பீர்களா? ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர், பழைய ஜர்னல் முறைப்படி வாபஸ் அறிவிப்பு வெளியிட்டால்தான் தொடுவோம் என்றார், அது நடக்கிற காரியமா? ஒரு மருத்துவ சங்க ஜர்னலின் எடிட்டர் மட்டும் விரிவாகப் பதில் எழுதினார். அதே பேப்பரை எடுக்க முடியாது, ஆனால் அதற்குப் பிந்தைய மாதிரிகளையும் சேர்த்து, புதிதாக ஆய்வு செய்து, புதிதாக எழுதி, முந்தைய வெளியீட்டைப் பற்றிக் கவர் லெட்டரிலும் கட்டுரையின் அடிக்குறிப்பிலும் வெளிப்படையாகச் சொன்னால் மதிப்பாய்வுக்கு அனுப்புகிறேன் என்றார். மறுபடி எத்திக்ஸ் கமிட்டி, மறுபடி தட்டுகள், மறுபடி ஸ்கேல். அந்தப் பட்டியலில் எனக்கு ப்ரொமோஷன் கைநழுவிப் போனது, அதற்கடுத்த முறையில்தான் வந்தது. அந்த ஒரு வருஷச் சம்பள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் 12,000 எல்லாம் சில்லறை. ஆனால் இந்த முறை வந்த ரிவ்யூ இருக்கிறதே, அவ்வளவு பக்கம். டிஸ்க் எந்தக் கம்பெனி, கண்ட்ரோலுக்கு எந்த ஸ்ட்ரெய்ன், ஒரே நோயாளியின் மாதிரியை இரண்டு முறை எண்ணினீர்களா என்று பிய்த்து எடுத்தார்கள். கடைசிக் கேள்விக்காக உட்கார்ந்து ஷீட்டைத் தோண்டியதில் உண்மையிலேயே சில இரட்டைப் பதிவுகள் கிடைத்தன, எண்ணிக்கையே கொஞ்சம் மாறியது.

இது மருத்துவக் கல்லூரிச் சமாசாரம் மட்டும் இல்லை. என் கணவர் கலைக் கல்லூரிக்காரர். யு.ஜி.சி.யின் 2016 விதிப்படி பிஎச்.டி. தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று இருந்த காலத்தில் அவர் நண்பர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். யு.ஜி.சி. ஒரு பட்டியல் போட்டது, 2018 மே மாதம் அதிலிருந்தே 4,305 ஜர்னல்களை நீக்கியது, அடுத்த வருஷம் 'கேர்' என்ற புதிய ஜர்னல் பட்டியல் வந்தது. அப்புறம் ஆரம்பித்தது வேறு வேலை. பட்டியலில் இருக்கும் நிஜ ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடி அதே மாதிரி ஒரு தளம் கட்டிவிடுவார்கள். நிஜ ஜர்னல் எங்கோ ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் அச்சில் மட்டும் வந்துகொண்டிருக்கும், அதற்குத் தளமே இருக்காது, அதுதான் இவர்களுக்கு வசதி. பெயரைத் தேடிப் பார்த்துத் தப்ப முடியாத வகை இது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளம் 2022 முதல் இப்படிக் கடத்தப்பட்ட ஜர்னல்களின் பட்டியலை இலவசமாக வைத்திருக்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கே பாருங்கள். 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயத்தை யு.ஜி.சி. எடுத்துவிட்டது, 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் நிறுத்திவிட்டது. இனி எது நல்ல ஜர்னல் என்று கல்லூரிகளே முடிவு செய்துகொள்ள வேண்டும். நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பட்டியல் இருந்தபோது அதில் எப்படி நுழைவது என்று கவலைப்பட்டார்கள், இப்போது ரிசர்ச் கமிட்டியில் யாரைத் தெரியும் என்று கேட்பார்கள்.

எங்கள் துறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் எங்கே அனுப்புவதாக இருந்தாலும் என்.எல்.எம். கேட்டலாக் அல்லது ஸ்கோபஸ் பக்கத்தின் அச்சுப் பிரதியை, தேதியோடு, ஃபைலில் வைக்க வேண்டும். தொகை எவ்வளவு என்று ஜர்னல் தளத்தில் எண்ணாக இல்லையென்றால் அனுப்பக் கூடாது. டி.ஓ.ஏ.ஜே.யில் கட்டணமே வாங்காத ஜர்னல்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது, பிஜிக்கள் அங்கிருந்துதான் தேட ஆரம்பிக்கிறார்கள். எம்.டி. பரீட்சைக்குப் பேப்பர் வெளியாகியிருக்க வேண்டும் என்று பயந்துகொண்டு அவசரப்படும் பிஜிக்களுக்கு ஒன்று. எங்கள் காலத்து விதியில் ஏற்கப்பட்டதும் செல்லும், அனுப்பிய நிலையில் இருந்தாலும் செல்லும் என்றுதான் இருந்தது. இதைச் சரியாகப் படிக்காமல் கடைசி மாதத்தில் காசு கட்டிப் பேப்பர் போட்டவர்கள் என் பேட்சிலேயே உண்டு. உங்கள் பேட்சுக்கு எந்த விதி என்று பல்கலைக்கழகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர் இன்னும் அந்தத் தளத்தில் இருக்கிறது, மில்லிகிராமும் இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் என் புரொஃபைலில் இருந்து அதை எடுத்துவிட்டேன், அது என் கையில் இருக்கிறது. தேடலில் வருவதைத் தடுக்க முடியாது. என் ஜூனியர், சீனியர் ரெசிடென்ட் வேலைக்கான இண்டர்வியூவுக்குப் போனபோது பழையதை சி.வி.யில் போடவில்லை. கேட்டால் மறைக்காதே என்று சொல்லி, வாபஸ் கடிதத்தையும் புதுப் பேப்பரின் அடிக்குறிப்புப் பக்கத்தையும் ஃபைலில் வைத்துக் கொடுத்தேன். பேனலில் இருந்த ஒருவர் போனிலேயே அவன் பெயரைத் தேடிப் பார்த்துக் கேட்டும்விட்டார். காகிதத்தைக் காட்டினான், அவர் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.